கையால் கட்டிய பழைய ரேஸ் வீல்கள்: அப்படியே விற்பதா, பிரித்து விற்பதா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. நான் இருப்பது பர்மிங்ஹாம். பக்கத்து வீட்டுத் தாத்தா பல வருடம் கிளப்பில் சைக்கிள் ரேஸ் ஓட்டியவர், போன பிப்ரவரியில் தவறிவிட்டார். அவர் மனைவி கொட்டகையைக் காலி செய்யும்போது இரண்டு ஜோடி வீல்களை என்னிடம் தந்து, நல்ல ஆளாகப் பார்த்து விற்றுக் கொடு என்றார். இரண்டுமே அவர் கையால் கட்டியவை. பணம் முழுக்க அந்த அம்மாவுக்குத்தான், அதனால் ஏமாந்துவிடக் கூடாது, வாங்குகிறவரை ஏமாற்றிவிடவும் கூடாது.

ஒரு ஜோடி, பெரிய ஃபிளேஞ்ச் (கம்பி கோக்கும் விளிம்பு) ஏர்லைட் ஹப் (வீலின் நடுக் குடம்), முன்னால் 32 துளை, பின்னால் 40. டன்லப் எஃகு ரிம், 27 அங்குலம். பின் ஹப்பில் இரண்டு பக்கமும் மரை இருக்கிறது. கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றி ஈயம் வைத்திருக்கிறார். இன்னொன்று கம்பனோலோ ரெக்கார்ட் சின்ன ஃபிளேஞ்ச், 36க்கு 36, மாவிக் ஜிபி4 டியூபுலர் ரிம் (டயரைப் பசை வைத்து ஒட்டுவது). அதில் ரெஜினா ஃப்ரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி) இன்னும் மாட்டியபடியே இருக்கிறது, டயர் காய்ந்து போயிருக்கிறது.

இரண்டாவதைப் பிரித்து ஹப்பை மட்டும் விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். கம்பிகளை வெட்டிவிட வேண்டியதுதான், அஞ்சு நிமிட வேலை என்றார். செய்யலாமா?

பதில் 1

வெட்டாதீர்கள்! தயவுசெய்து இதைப் படித்து முடிக்கும் வரை கட்டரைக் கையில் எடுக்க வேண்டாம்.

முதல் காரணம், ஃப்ரீவீல். வருடக்கணக்கில் மிதித்து மிதித்து அது மரையில் இறுகிப் போயிருக்கும். அதைக் கழற்ற முழு வீலும் வேண்டும், ஏனென்றால் அந்த ரிம்தான் உங்களுக்கு நெம்புகோல். கம்பியை வெட்டிவிட்டால் கையில் பிடிக்க வெறும் ஹப்தான் மிஞ்சும், அதை வைஸில் பிடித்தால் ஃபிளேஞ்ச் நசுங்கும். ஃப்ரீவீல் ஒட்டிக்கொண்டிருக்கிற ரெக்கார்ட் ஹப்பை விற்பனையில் அவ்வப்போது பார்க்கிறேன், பார்க்கவே வயிறு எரியும்.

அந்த ரெஜினாவில் இரண்டு பள்ளம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அதில் மாட்டும் கழற்றி (கழற்றும் கருவி) சுலபமாக வழுக்கிப் பள்ளத்தைத் தின்றுவிடும். குயிக் ரிலீஸின் (அச்சுக்குள் போகும் நெம்பு போல்ட்) ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, கழற்றியைப் பள்ளத்தில் சரியாக உட்கார வைத்து, அதன் மேலேயே குயிக் ரிலீஸைப் போட்டு அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் கழற்றியை வைஸில் கவ்வ வைத்து, வீலை பஸ் ஸ்டீயரிங் மாதிரி இரண்டு கையாலும் இடப்பக்கம் திருப்புங்கள். ஒரு கால் சுற்று அசைந்ததும் நிறுத்தி குயிக் ரிலீஸைத் தளர்த்த வேண்டும், மறந்தால் அது அறுந்துவிடும். முந்தைய நாள் இரவே மரைக்குள் எண்ணெய் விட்டு வைத்தால் நல்லது.

இரண்டாவது காரணம், இறுக்கமாக இருக்கிற கம்பிகளைக் கண்டபடி வெட்டினால் இழுவை ஒரு பக்கமாகச் சாய்ந்து ரிம் கோணிப்போகும், ஃபிளேஞ்சுக்கும் நல்லதில்லை. பிரித்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு நிப்பிளையும் (கம்பியை ரிம்மில் இறுக்கும் சின்ன நட்டு) அரைச் சுற்று, பிறகு இன்னொரு அரைச் சுற்று என்று எல்லாவற்றையும் சமமாகத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். அஞ்சு நிமிட வேலை இல்லை, ஆனால் ஹப்பும் ரிம்மும் முழுசாகக் கிடைக்கும்.

என்னைக் கேட்டால் பிரிக்கவே வேண்டாம். ஒரு மனிதர் தன் கையால் கோத்து, கோட்டம் எடுத்து, ஓட்டிய வீல். நன்றாக இருக்கிற வீலைப் பிரித்துவிட்டால் அப்புறம் அது உதிரிப் பாகம்தான்.

பதில் 2

ஃப்ரீவீல் விஷயத்தில் மேலே எழுதியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பிரிக்கவே கூடாது என்பதில் மட்டும் எனக்கு வேறு கருத்து.

தம்பி, இரண்டு ஜோடியையும் ஒரே மாதிரி பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் முன்னால் 32, பின்னால் 40 என்பதுதான் வழக்கம், ஐரோப்பியக் கண்டத்தில் 36க்கு 36. அந்த ஏர்லைட் ஜோடி அப்பட்டமான ஆங்கிலேய வீல். அதைத் தேடுகிறவர் ஐம்பதுகளின் கிளப் சைக்கிளைச் சீர் செய்துகொண்டிருப்பவராகத்தான் இருப்பார், அவருக்கு ஹப், ரிம், ஈயம் வைத்த கம்பி எல்லாம் ஒன்றாக வேண்டும். 40 துளை ரிம் இன்று சுலபத்தில் கிடைப்பதில்லை, அதனால் பிரித்தால் இரண்டு பாதியும் அநாதை. ஈயம் வைப்பதால் வீல் விறைப்பாகும் என்று பழையவர்கள் நம்பினார்கள், அளந்து பார்த்தவர்கள் வித்தியாசம் இல்லை என்றுதான் சொன்னார்கள். அறுந்த கம்பி சிதறிப் போய் எதிலும் மாட்டாது, அது உண்மை. ஆனாலும் ஒரு கம்பி மாற்ற ஈயத்தை உருக்க வேண்டும் என்பதை வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டு பக்கமும் மரை இருப்பதைக் கூர்ந்து பாருங்கள். ஒரு பக்கம் இரண்டு அடுக்கு மரை இருந்தால் அது ஃபிக்ஸ்டு பல்சக்கரத்துக்கு (வீலோடு சேர்ந்தே சுற்றுவது), வெளியடுக்கு அதைப் பூட்டும் லாக் ரிங்குக்கு, அது எதிர்ப்பக்கம் சுற்றும். மறு பக்கம் சாதாரண ஃப்ரீவீல். இதை விளம்பரத்தில் முதல் வரியிலேயே போடுங்கள்.

கம்பனோலோ ஜோடி வேறு கதை. அதை வாங்குகிறவர்களில் பலர் லெரோய்கா மாதிரி பழைய சைக்கிள் ஓட்டத்துக்குத் தயார் செய்கிறவர்கள். இத்தாலியில் கயோலே இன் கியாந்தியில் 1997இல் தொடங்கியது, 1987க்கு முந்தைய ரேஸ் சைக்கிள்தான் வேண்டும். அவர்களில் பாதிப் பேருக்கு டியூபுலர் ஒட்டுவதில் பொறுமை இல்லை, சாதாரண டயர் போடும் ரிம்மில் அந்த ஹப்பைக் கட்டிக்கொள்வார்கள். நீங்கள் வீலாக விற்றாலும் அவர்களே பிரிக்கத்தான் போகிறார்கள். ரிம் நல்லதாக இருந்தால் அப்படியே விற்றுப் பாருங்கள், கெட்டது என்றால் பிரிப்பதில் பாவம் ஒன்றும் இல்லை.

ரிம் நல்லதா என்று பார்க்க ஒரு எஃகு அளவுகோலைப் பிரேக் படும் பக்கத்தில் நிமிர்த்தி வையுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் தேய்ந்து குழிந்திருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு கம்பித் துளையின் ஓரத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஹார்ட் அனோடைஸ் செய்த (மேலே கடினப் படலம் ஏற்றிய) ரிம்களில் மயிரிழை வெடிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும். ஹப்பில் கோனை (அச்சில் குண்டைத் தாங்கும் கூம்பு நட்டு) கழற்றிக் குண்டு ஓடிய தடத்தைப் பாருங்கள். கோனில் குழி இருந்தால் மாற்றிவிடலாம், உள்ளே அழுத்தி வைத்த கப்பில் குழி என்றால் விலை இறங்கும். பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது குண்டு, கால் அங்குலம். கழற்றினால் புதுக் குண்டும் கிரீஸும் போட்டே மூடுங்கள், செலவு ஒன்றுமில்லை, அச்சைக் கையால் சுற்றும்போதே வாங்க வந்தவர் முகம் மாறும்.

பதில் 3

நான் வாங்குகிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் இணையத்தில் ஒரு ஜோடி வாங்கினேன், பத்துப் படம் போட்டிருந்தார்கள், எல்லாமே இடப்பக்கத்திலிருந்து எடுத்தவை. வந்த பிறகுதான் பார்க்கிறேன், பின் ஹப்பின் வலப்பக்க ஃபிளேஞ்சில் இரண்டு துளைக்கு நடுவே கீறல். முன்பு யாரோ அதில் குறுக்கே கோக்காமல் நேராகக் கம்பி கட்டியிருந்தார்கள், துளைகளில் அந்தத் தடம் அப்படியே இருந்தது. பழைய ஹப்புகள் அந்த இழுப்பைத் தாங்காது. பணம் திரும்ப வரவில்லை. அன்றிலிருந்து வலப்பக்க ஃபிளேஞ்ச் படம் இல்லாமல் நான் ஒரு காசு அனுப்புவதில்லை.

அதனால் அந்தப் படத்தைக் கேட்கும் முன்பே போடுங்கள். லாக் நட்டிலிருந்து லாக் நட் வரை பின் ஹப்பின் அகலத்தை அளந்து எழுதுங்கள். 120 மில்லிமீட்டர் என்றால் ஐந்து பல்சக்கரம், 126 என்றால் ஆறு அல்லது ஏழு. ஃப்ரீவீல் மரை எந்த நாட்டு அளவு என்பதும் முக்கியம். ஆங்கில மரையும் இத்தாலிய மரையும் கிட்டத்தட்ட ஒன்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறும். பிரெஞ்சு மரை 34.7 மில்லிமீட்டர், அதில் ஆங்கில ஃப்ரீவீல் லேசாக ஏறிவிடும், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது மரையை உரித்துக்கொண்டு வந்துவிடும்.

27 அங்குலம் என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். அதில் டயர் உட்காரும் விட்டம் 630 மில்லிமீட்டர், இப்போதைய 700சி ரிம்மில் 622. பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும், சில ஃப்ரேமில் எட்டாது.

கம்பிகளைச் சுண்டிப் பார்த்தால் ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதியில் கேட்க வேண்டும். நாலைந்து நிப்பிளைத் திருப்பியும் பாருங்கள், இறுகிப்போன நிப்பிள் என்றால் அந்த வீலை இனி யாரும் கோட்டம் எடுக்க முடியாது.

விலைக்கு, விளம்பரத்தில் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்தவற்றின் விலையை மட்டும் பாருங்கள். தபாலில் அனுப்புவதாக இருந்தால் குயிக் ரிலீஸைக் கழற்றிவிட்டு அச்சு முனைகளுக்கு மூடி போடுங்கள், இல்லையென்றால் அட்டைப்பெட்டியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். நேரில் வந்து எடுத்துக்கொள்கிறவர் கிடைத்தால் அவருக்கே கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்.

இன்னொன்று, கொட்டகையை மறுபடி ஒருமுறை தேடுங்கள். வீல் கட்டுகிறவர்கள் மிச்சக் கம்பியை எறிய மாட்டார்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ஃப்ரீவீல் மூன்றாவது முயற்சியில் கழன்றது, பள்ளம் ஒன்றும் ஆகவில்லை. ஹப் 126, மரை இத்தாலியது. கோன், கப் எல்லாம் கண்ணாடி மாதிரி. ஆனால் பின் ரிம்மில் மூன்று துளை ஓரத்தில் வெடிப்பு இருக்கிறது, லென்ஸ் வைக்காமல் எனக்குத் தெரிந்திருக்காது. அந்த அம்மாவிடம் காட்டினேன், பிரித்துவிடு என்றார். இன்று சாயங்காலம் அரை அரைச் சுற்றாகத் தளர்த்தி முடித்தேன், இரண்டரை மணி நேரம் ஆனது. முன் வீலைத் தொடவில்லை, அது அப்படியே போகும்.

ஏர்லைட் ஜோடியில் ஒரு குறையும் இல்லை. பழைய கிளப் சைக்கிள் ஒன்றைச் சீர் செய்கிற ஒருவர் சனிக்கிழமை டெர்பியிலிருந்து நேரில் வருகிறார். கொட்டகையில் ஒரு புகையிலை டின்னில் அதே நீளத்தில் ஏழு கம்பிகளும் லாக் ரிங் ஸ்பேனரும் இருந்தன, அவற்றையும் வீலோடு சேர்த்தே கொடுக்கிறோம்.