1879 சட்டம் வந்த பிறகும் நியூயார்க் ஒண்டுக்குடித்தனங்கள் ஏன் இருட்டாகவே இருந்தன?

வெற்றிவேல் (கேள்வி)

நியூயார்க்கின் 1879 டெனமென்ட் (ஒண்டுக்குடித்தனக் கட்டடம்) சட்டம், படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் வெளிக்காற்று வரும் சன்னல் வேண்டும் என்றது. அதன்படி கட்டிய, உடற்பயிற்சி டம்பெல் போல நடுவில் ஒடுங்கிய 'டம்பெல்' வீடுகளைத்தான் 1901-ல் இனிமேல் கட்டவே முடியாதபடி செய்கிறார்கள். சன்னல் வைத்தும் எங்கே பிசகியது? குடியேறிகள் குவிந்ததுதான் காரணம் என்றால், சிகாகோவுக்கும் பிலடெல்பியாவுக்கும்கூடத்தான் வந்தார்கள். அங்கே ஏன் இந்த வகை வீடு பரவவில்லை?

மரகதம்

மனையின் அளவில்தான் பிசகு ஆரம்பம். மன்ஹாட்டனின் பெரும்பகுதிக்கு 1811-ல் போட்ட திட்டத்தில் தெருவுக்கும் தெருவுக்கும் நடுவே சுமார் 200 அடி, பின்சந்து கிடையாது. முதுகோடு முதுகாகப் பிரித்தால் மனைக்கு 100 அடி நீளம். அகலம் 25 அடி என்பது வழக்கமாயிற்று. ஒரே குடும்பத்துக்கு அது தாராளம். மாடிக்கு நாலு குடும்பம் வைக்கப் பார்த்தால்தான் சிக்கல். 1879-க்கு முன்பு 90 அடி ஆழம்வரை கட்டி, ரயில் பெட்டி மாதிரி அறைக்குப் பின் அறை வைத்தார்கள். தெருவையும் கொல்லையையும் பார்த்த அறைகளுக்கு மட்டும் வெளிச்சம். நடுவில் எல்லாம் இருட்டு.

ஒரு பத்திரிகை நடத்திய போட்டியில் ஜேம்ஸ் வேர் என்ற கட்டடக்கலைஞரின் வரைபடம் பரிசு வாங்கியது. முன்பக்கமும் பின்பக்கமும் மனையின் முழு அகலம், நடுவில் மட்டும் சுவரை இரு பக்கமும் சுமார் 28 அங்குலம் உள்ளே தள்ளுவது. பக்கத்து மனைக்காரரும் அப்படியே கட்டினால் இரண்டுக்கும் நடுவே ஐந்தடிக்கும் குறைவான அகலத்தில், 50, 60 அடி நீளத்துக்கு ஒரு ஏர் ஷாஃப்ட், அதாவது காற்றுக்காக விட்ட இடுக்கு. சட்டம் கேட்ட சன்னல் அதில் திறக்கும். மாடிக்கு 14 அறை, முன்னால் நாலறை வீடு இரண்டு, பின்னால் மூன்றறை வீடு இரண்டு. நடுவில் படிக்கட்டு, பொதுக் கழிப்பறை இரண்டு. படுக்கையறை ஏறத்தாழ 7 அடிக்கு 8½ அடி.

இப்போது கணக்குப் போடுங்கள். ஷாஃப்டின் அகலம் 56 அங்குலம். குறுக்கே 60 டிகிரி உயரத்திலிருந்து விழும் வெயில் 8 அடிதான் கீழே இறங்கும், அதாவது மேல்மாடியோடு சரி. நாலு பக்கமும் சுவர், அடியில் காற்று நுழைய வழியில்லை, அதனால் காற்று ஓடாமல் தேங்கும். எதிர்வீட்டுச் சன்னல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், நாற்றத்துக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்திவிடுவார்கள். குப்பை ஷாஃப்டுக்குள் விழும். தீப்பிடித்தால் அதுவே புகைபோக்கி: கீழ்மாடித் தீ சன்னல் சன்னலாக மேலேறும்.

சட்டத்திலேயே ஓட்டையும் இருந்தது. மனையில் 65 சதவீதத்துக்கு மேல் கட்டக் கூடாது என்று எழுதிவிட்டு, தளர்த்தும் அதிகாரத்தைச் சுகாதார வாரியத்துக்குக் கொடுத்தார்கள். நடைமுறையில் அந்த வரம்பைத் தாண்டித்தான் கட்டினார்கள்.

தணிகாசலம்

மற்ற ஊர்கள் பற்றி. முதலில் விகிதத்தைச் சரிசெய்துகொள்வோம். 1890-ல் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் பத்தில் நாலு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பிலடெல்பியாவில் நாலில் ஒருவர்தான். பிலடெல்பியாவுக்கு விரிய நிலமும் இருந்தது. இரண்டு மாடி வரிசை வீடுகளைக் கட்டி, வீட்டுக்கடன் சங்கங்கள் மூலம் தவணையில் விற்றார்கள். நெரிசல் அங்கேயும் உண்டு, ஆனால் பின்சந்துகளுக்குள், சின்னச் சின்ன வீடுகளில்.

சிகாகோ 1880-ல் 5 லட்சம், 1890-ல் ஏறக்குறைய 11 லட்சம். இதில் ஒரு பகுதி 1889-ல் பக்கத்து ஊர்களை இணைத்துக்கொண்டதால் வந்தது. அதை மறந்து எல்லாமே கப்பலில் வந்த கூட்டம் என்று எழுதுகிறவர்கள் அதிகம். சமவெளி, 25 அடி மனை, பின்னால் சந்து, மரவீடு. இடம் போதாவிட்டால் பழைய மரவீட்டைத் தூக்கி மனையின் பின்பக்கம் நகர்த்திவிட்டு முன்னால் புதிதாகக் கட்டினார்கள். சாக்கடைக்காகத் தெருவை உயர்த்தியதில் சில பகுதிகளில் தரைத்தளமே பள்ளத்துக்குள் போனது. அதையும் வாடகைக்கு விட்டார்கள். அங்கே உயிரை வாங்கியது தண்ணீர். கழிவு ஆற்றின் வழியே ஏரிக்குப் போக, குடிநீரும் அதே ஏரியிலிருந்து வந்தது. 1891-ல் லட்சத்துக்கு 174 பேர் டைபாய்டில் இறந்தார்கள். அந்த ஆற்றை ஏரிக்குப் போகாமல் திருப்பிய கால்வாய் 1900-ல்தான் திறந்தது.

வெற்றிவேல்

மாடிக்கு நாலு குடும்பம் என்றாலும், அவர்களே ஆள் சேர்த்து வாடகையைப் பகிர்ந்ததால்தானே நெரிசல் கூடியது? டிராமில் ஏறித் தள்ளிப் போய்க் குடியிருக்க முடியாதா?

மரகதம்

ஒரு தடவைக்கு 5 சென்ட், போய்வர 10. நாள்கூலி ஒன்றரை டாலரைத் தாண்டாத ஆளுக்கு, வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போனால் அது பெரிய தொகை. துறைமுகத்தில் காலையில் போய் நின்றால்தான் அன்றைய வேலை. தையல் வேலையும் சுருட்டு வேலையும் வீட்டுக்குள்ளேயே நடந்தன. சுருட்டு வேலையை ஒண்டுக்குடித்தனத்தில் செய்யக் கூடாது என்று 1884-ல் வந்த சட்டத்தை மாநில உயர்நீதிமன்றம் 1885-ல் செல்லாது என்றது. வீடே பட்டறையாக இருக்கையில் ஆள் சேர்ப்பதும் அதே வருமானக் கணக்கில் அடங்கும்.

1901 சட்டம் கைவைத்தது கட்டடத்தின் அமைப்பில். புதுக் கட்டடம், மூலையில் இல்லாத மனையில் 70 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, ஷாஃப்டுக்குப் பதில் முற்றம், வீட்டுக்குள் கழிப்பறை. 25 அடி மனையில் இதெல்லாம் கட்டுபடியாகாது என்பதால், பக்கத்து மனையையும் சேர்த்து வாங்கிக் கட்டும் வழக்கம் வந்தது. பழைய கட்டடத்தின் இருட்டறைக்கு, அடுத்த அறையைப் பார்த்து 15 சதுர அடிச் சன்னல் வெட்ட வேண்டும். இன்றும் நிற்கும் சில பழைய கட்டடங்களில் உள்சுவரில் சன்னல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.