இ-ஃபாயிலில் ஏறி விழுந்தவர்கள் யாராவது உண்டா? முதலில் என் கதை

காவேரிப்பட்டினத்துக்காரன், இப்போது ஓசூர்

அண்மையில் அக்கா வீட்டுக்கு துபாய் போயிருந்தேன். "இன்னும் எத்தனை நாள் கட்டடங்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாய்?" என்று மாமா ஒரு சனிக்கிழமை காலையில் கடற்கரைக்கு அழைத்துப்போனார். எனக்குத் தெரியாமல் பணமும் கட்டிவிட்டார். அரை மணி நேர இ-ஃபாயில் பாடத்துக்கு அவர் கட்டியது என் நான்கு நாள் சம்பளம். அது முன்பே தெரிந்திருந்தால் கரையில் உட்கார்ந்து கடலை கொறித்துவிட்டு வந்திருப்பேன்.

பார்க்காதவர்களுக்கு இ-ஃபாயில் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு பலகை, நம் வீட்டு ஜன்னல் கதவைவிடச் சற்றுப் பெரியது. அதன் வயிற்றிலிருந்து இரண்டரை அடித் தண்டு ஒன்று தண்ணீருக்குள் இறங்குகிறது. தண்டின் அடியில் குட்டி விமானம் போல ஓர் அமைப்பு. முன்னால் பெரிய இறக்கை, பின்னால் சின்ன இறக்கை, கூடவே மோட்டாரும் விசிறியும். கையில் துப்பாக்கி விசை போன்ற ரிமோட். வேகம் மணிக்கு 15, 20 கிலோமீட்டரை நெருங்கும்போது அந்த இறக்கை பலகையையும் அதன்மேல் நிற்கிற ஆளையும் சேர்த்துத் தூக்கிவிடும். அதன் பிறகு பலகை தண்ணீரைத் தொடுவதில்லை. தண்டு மட்டும் கத்திபோல் கிழித்துக்கொண்டு போகும்.

எனக்குச் சோறு போடுவது பேட்டரி. மின் ஸ்கூட்டர் ஆலை ஒன்றில் பேட்டரிகளைச் சோதிக்கும் வேலை. ஒரு சொட்டு மழைத்தண்ணீர்கூட உள்ளே போய்விடக் கூடாது என்று நாள் முழுதும் ரப்பர் வளையங்களைத் தடவிப் பார்க்கிறவன் நான். அப்படிப்பட்டவன் கண்ணெதிரே, பத்துப் பன்னிரண்டு கிலோ லித்தியம் பேட்டரியைப் பலகைக்குள் வைத்து, மூடியை அழுத்திப் பூட்டி, உப்புத் தண்ணீரில் இறக்கினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூடியின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன். பயிற்சியாளர் சிரித்தார். அவர் இலங்கையில் பொத்துவில் பக்கத்துக்காரர், அறுகம்பை அலைகளில் வளர்ந்தவர். "தம்பி, அதற்கு ஒன்றும் ஆகாது. உங்களுக்கு என்ன ஆகும் என்று பாருங்கள்" என்றார்.

முதல் பாடம் ஓட்டுவதல்ல, விழுவது. பலகையைப் பிடித்துத் தொங்கக் கூடாது. தள்ளிவிட்டுப் பக்கவாட்டில் விழ வேண்டும், ஏனென்றால் அடியில் இறக்கை இருக்கிறது. இது எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊர்க் கிணற்றில் குதிக்கிற நாளில், துருத்திக்கொண்டு நிற்கும் படிக்கல்லிலிருந்து தள்ளிக் குதிக்காவிட்டால் பெரியவர்கள் முதுகில் ஒன்று வைப்பார்கள்.

குப்புறப் படுத்து ஓட்டினேன், சரி. முழங்காலிட்டு ஓட்டினேன், நானே ராஜா. எழுந்து நின்றேன், விழுந்தேன். ஹெல்மெட்டுக்குள் ஒரு ஒலிபெருக்கி இருக்கிறது. பயிற்சியாளர் படகில் பின்னாலேயே வந்து அதில் பேசுவார். "கீழே பார்க்காதீர்கள். முன்னங்காலில் பாரம். விரலைத் தளர்த்துங்கள்." மூன்று கட்டளைகள்தான். பதினொரு முறை விழுந்த பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்பது எனக்கே விளங்கியது. பலகை எழும்பத் தொடங்கும் அந்தக் கணத்தில் பயந்து பின்னால் சாய்கிறேன். பின்னால் சாய்ந்தால் மூக்கு நிமிர்ந்து இன்னும் எழும்புகிறது. பயத்தில் கை இறுகுகிறது. கை இறுகினால் விசை அழுந்தி வேகம் கூடுகிறது. இறக்கை தண்ணீரைவிட்டே வெளியே வந்து, பிடிமானம் போய், பலகை தொப்பென்று விழுகிறது. நான் அதற்கும் முன்னால் போய் விழுகிறேன். எழும்பும்போது முன்னால் சாய வேண்டும் என்பதை மூளை உடனே ஒப்புக்கொண்டது. முழங்கால் ஒப்புக்கொள்ளவில்லை.

பன்னிரண்டாம் முறை. பலகையின் அடியில் தண்ணீர் அறைகிற சளசளப்பு காதை அடைத்துக்கொண்டிருந்தது. அது சட்டென்று நின்றது. மோட்டாரின் முனகல் எங்கோ ஆழத்தில் கேட்டது, அவ்வளவுதான். வண்டியின் கியர் நழுவிவிட்டது போலத் தோன்றியது. மாமா எடுத்த வீடியோவில் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது விநாடி. பத்தாவது விநாடியில் கீழே பார்த்துவிட்டேன். தெளிந்த தண்ணீர். மணல் தரையில் என் நிழல் பலகையோடு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. "அட" என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்தது வாய் நிறைய உப்பு.

நம் பக்கத்தில் வேறு யாராவது ஏறியிருக்கிறீர்களா? இதுதான் என்றில்லை, தண்ணீரில் ஏறிப் பழகிய எதுவானாலும் எழுதுங்கள்.

பாலக்கோடு

அண்ணா, ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருக்கலாமே! கிருஷ்ணகிரி அணையில் விட்டிருக்கலாம். ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் விட்டால் கழிவுநீர் நுரைக்கு மேலேயே பறக்கலாம்.

காவேரிப்பட்டினத்துக்காரன்

தம்பி, விலையை விடு. பயணிகள் விமானத்தில் கொள்ளளவு 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியை உடன் கொண்டுவர அனுமதி இல்லை. இதில் இருப்பது ஏறத்தாழ 2000. பலகையை மட்டும் கொண்டுவந்து வீட்டில் துணி தேய்க்கலாம். கெலவரப்பள்ளி நுரையில் என் பகையாளியைக்கூட இறக்கமாட்டேன்.

ஊட்டமலை, பரிசல் வீடு

நான் அந்தப் பலகையைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் இதைப் படித்ததும் என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

ஒகேனக்கல்லில் மூன்று தலைமுறையாகப் பரிசல் ஓட்டுகிறோம். எனக்குப் பத்து வயதில் கோடை விடுமுறையில், தண்ணீர் குறைந்து மடுவாக நிற்கிற இடத்தில், அப்பா என்னைத் தனியாகப் பரிசலில் உட்காரவைத்துக் காலால் தள்ளிவிட்டார். பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதற்கு ஒரு கருத்தே இல்லை. துடுப்பைப் பக்கவாட்டில் போட்டேன், பம்பரமாகச் சுற்றியது. மறுபக்கம் போட்டேன், மறுபக்கம் சுற்றியது. அப்பா பாறைமேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். வாந்தி எடுக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

துடுப்பை நமக்கு நேர் முன்னால் போட்டு, எட்டு என்ற எண்ணை எழுதுவது போல இழுத்து இழுத்து வர வேண்டும். அப்போது பரிசல் நம்மைப் பின்தொடர்ந்து வரும் பசுமாடு மாதிரி வரும். இதைச் சொல்லித் தர இரண்டு நிமிடம். கை கற்றுக்கொள்ள ஒரு மாதம். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்தபோது அப்பா சொன்னது, நீங்கள் எழுதிய அதே சங்கதிதான்: "துடுப்பை எதற்கு இப்படி நெரிக்கிறாய்? அது என்ன ஓடியா போய்விடும்? தண்ணீரைப் பார்க்காதே, அந்தப் பாறையைப் பார்."

இப்போது பயணிகள் கேட்டால் நடு ஆற்றில் வேண்டுமென்றே இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறேன். கைதட்டுகிறார்கள். அந்த முதல் மாதம் நான் சுற்றியதற்கு யாரும் தட்டவில்லை.

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறிவிட்டால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள். இப்போது வீட்டில் சும்மாதான் இருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளம்.

அரூர், இப்போது பெர்த்

நான் ஏறியிருக்கிறேன். ஏறியிருக்கிறேன் என்பது பெரிய வார்த்தை, படுத்திருக்கிறேன்.

வயது 44. நீச்சல் சுமாராகத் தெரியும். அரூரில் பெண் பிள்ளைகளைக் கிணற்றில் விடமாட்டார்கள் என்பதால், இங்கே வந்த பிறகு நீச்சல் குளத்தில் குழந்தைகளோடு சேர்ந்து கற்றது. மகனின் பிறந்தநாளுக்கு ஸ்வான் ஆற்றில் பாடத்துக்குப் பதிவு செய்தோம். "அம்மா, நீயும் வா" என்றான். போனேன்.

அவன் 45 கிலோ. பத்து நிமிடத்தில் பறந்துவிட்டான். ஆள் இலேசாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே தூக்கிவிடுமாம். பயிற்றுவித்த பெண் அதை என்னிடம் மிகவும் நாகரிகமாகச் சொன்னாள். நான் புரிந்துகொண்டேன்.

முழங்காலிட்டு நான்கைந்து முறை ஆற்றின் குறுக்கே போய்வந்தேன். ஒரு தடவை நிற்க முயன்று காது தண்ணீரில் அறையும்படி விழுந்தேன். மூன்று நாள் அந்தக் காதில் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. விழுந்த இடத்தில் கண்ணைத் திறந்தால் என்னைச் சுற்றி ஜவ்வரிசி வடாம் போல ஜெல்லி மீன்கள். கோடையில் இந்த ஆற்றில் அவை கூட்டமாக வரும். பெரிதாக ஒன்றும் செய்யாது என்று தெரியும். தெரிந்து என்ன பயன், நான் அலறியது கரைவரை கேட்டதாம். ஒரு நல்ல விஷயம், ரிமோட் தண்ணீருக்குள் போனதும் சமிக்ஞை அறுந்து மோட்டார் தானாக நின்றுவிடுகிறது. பலகை என்னை விட்டுவிட்டு ஓடிப்போகவில்லை. இல்லாவிட்டால் ஜெல்லி மீன்களோடு பேசிக்கொண்டே கரை சேர்ந்திருக்க வேண்டும்.

திரும்பப் போவேனா என்று கேட்டால், போவேன். முழங்காலிட்டே போவேன். நின்றால்தான் சேர்த்தி என்று யார் சொன்னது?

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

தம்பி, உன் பதினொரு வீழ்ச்சிக்கும் காரணம் பயம் மட்டும் அல்ல, ஒரு வர்க்கமும்தான். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரு மடங்கானால் தூக்குவது நான்கு மடங்கு. நீ விரலைக் கொஞ்சம் அழுத்தினால் பலகை கொஞ்சம் எழும்பும் என்று எதிர்பார்த்தாய், அது எகிறியது. பின்னால் சாய்ந்தபோது இறக்கையின் கோணமும் கூடியது. இரண்டும் ஒரே நேரத்தில் கூடினால் எந்தப் பலகை நிற்கும்?

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டி, சற்றே மேல்நோக்கிச் சாய்த்தால் கை தானாக உயரும். அப்படி நீட்டிய பையன்களை முப்பது வருடம் திட்டியிருக்கிறேன். பிறகு வகுப்பில் அதையே உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி. அதனால்தான் விமானத்துக்கு அத்தனை பெரிய இறக்கை, உனக்கு ஒரு முறம் அளவு போதுமானதாக இருக்கிறது.

இது புதுச் சரக்கும் அல்ல. தொலைபேசிக்குப் பெயர்போன கிரஹாம் பெல்லும் அவருடைய கூட்டாளி கேசி பால்ட்வினும் கனடாவில் ஓர் ஏரியில் இதே முறையில் படகு செய்தார்கள். 1919இல் அந்தப் படகு மணிக்கு 114 கிலோமீட்டர் ஓடி உலக சாதனை படைத்தது. புதியது பேட்டரியும் அந்தச் சின்ன மோட்டாரும்தான், அதாவது உன் துறை.

பாலக்கோட்டுத் தம்பிக்கு: கிருஷ்ணகிரி அணை 52 அடி. பாசனத்துக்காகக் காமராஜர் காலத்தில் கட்டியது. அதில் குளிக்க இறங்கிய என் மாணவர்கள் இருவரை நான் இழந்திருக்கிறேன். வேடிக்கைக்குக்கூட அந்தப் பேச்சு வேண்டாம்.

பாலக்கோடு

மன்னிக்க வேண்டும், சார்.

போச்சம்பள்ளி

நீச்சல் அறவே தெரியாதவன் இதில் ஏறலாமா? லைஃப் ஜாக்கெட் தருகிறார்களே?

காவேரிப்பட்டினத்துக்காரன்

ஏற்றிக்கொள்வார்களாக இருக்கலாம். என்னைக் கேட்டால், வேண்டாம். ஜாக்கெட் மிதக்க வைக்கும், உண்மைதான். ஆனால் மூக்கில் தண்ணீர் ஏறினால் பதறாமல் இருக்கிற பழக்கத்தை எந்த ஜாக்கெட்டும் தராது. பன்னிரண்டு முறை விழுந்தவன் சொல்கிறேன். முதலில் சுரைக்குடுக்கையோ லாரி டியூபோ கட்டிக்கொண்டு, தெரிந்தவர் ஒருவர் கூட நிற்க, ஒரு கிணற்றில் இறங்குங்கள். போச்சம்பள்ளியில் கிணற்றுக்கா பஞ்சம்?

ஆசிரியர் ஐயா, வர்க்கக் கணக்கை என் சோதனை மேசையில் ஒட்டிவைத்துவிட்டேன். ஊட்டமலை அண்ணா, தடை நீங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என்னை மடுவில் தள்ளிவிட்டு நீங்கள் பாறையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அரூர் அக்கா சொன்ன காது விஷயத்தை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள், எனக்கும் இடது காது இரண்டு நாள் அடைத்திருந்தது.

அடுத்த தடவை துபாய் போனால் ஏறுவாயா என்று மாமா நேற்று தொலைபேசியில் கேட்டார். பணம் நான் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் அம்மா இருந்ததால் அதற்கு மேல் பேசவில்லை. தொடையில் கத்திரிப்பூ நிறத்தில் இருந்த கன்றல் இப்போது மஞ்சளாகிவிட்டது. அக்கா வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து தினமும் அக்காவை அழைத்து, அந்தத் தரையை மாற்றச் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கிறார்.