மூங்கிலுக்குள் முட்டையிடும் மலைத் தவளையைச் சமவெளியில் வளர்க்க முடியுமா?

கேள்வி (கடலூர்):
அனைவருக்கும் வணக்கம். ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கள் கிணற்றடித் தொட்டியின் உள்விளிம்பில் தேரை (மரத்தவளை) வெண்ணுரைக் கூடு கட்டுகிறது. சில நாட்களில் அதிலிருந்து தலைப்பிரட்டைகள் தண்ணீரில் விழுகின்றன. குளியலறைச் சுவரில்கூட ஒட்டிக்கொண்டு வாழும் இந்த இனம் இவ்வளவு எளிதாகப் பெருகுவதால், 136 ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாதிருந்து 2011-இல் மீண்டும் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்ட 'ராவோர்கெஸ்டெஸ் சலாசோடெஸ்' என்னும் பச்சைத் தவளையையும் நம் பகுதியில் மூங்கில் நட்டு வளர்த்துக் காக்கலாம் அல்லவா?

மறுமொழி (புதுச்சேரி):
ஐயா, தங்கள் அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் அது இயலாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் ஈரக் காட்டில் வாழும் அந்தச் சிறு தவளை நுரைக் கூடும் கட்டுவதில்லை, நீரிலும் முட்டையிடுவதில்லை. நாணல் மூங்கிலின் இரு கணுக்களுக்கு இடையே, அடிப்பக்கத்தில் ஏற்கெனவே குறுகிய பிளவு இருந்தால்தான் ஆண் தவளை உடலை நெருக்கி உள்ளே நுழையும். அங்கிருந்து கூவி அழைக்க, பெண் வந்து உட்சுவரில் முட்டையிட்டுச் செல்லும். தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வெளிவரும் வரை காவல் இருப்பது தந்தைதான். அந்த ஆண் தவளையை அகற்றிப் பார்த்த ஆய்வில், காவலற்ற முட்டைகளைப் பெரும்பாலும் அதே இனத்தின் வேறு ஆண்களே தின்றுவிட்டது தெரியவந்தது. நம் ஊரில் மூங்கிலை நட்டுவிடலாம்; அந்தப் பிளவையும், மலைக்காட்டின் குளிர்ந்த ஈரத்தையும் எங்கிருந்து கொண்டுவருவது? மேலும், அந்தப் புலிகள் காப்பகத்திலிருந்து உயிரினத்தைப் பிடித்து வருவது சட்டப்படி குற்றம்.

கேள்வி கேட்டவர்:
விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் அங்கே நாணல் மூங்கில் வெட்டுவதை முழுவதும் நிறுத்திவிட வேண்டுமா?

மறுமொழி (கடலூரிலிருந்து மற்றொருவர்):
முழுத் தடை நியாயமாகாது என்பது என் கருத்து, ஏனெனில் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூடையும் பாயும் முடைந்து அந்த மூங்கிலால் பிழைக்கும் குடும்பங்கள் பல. காகிதக் கூழுக்காகப் பரப்புப் பரப்பாக வெட்டுவதே பெரிய ஆபத்து. இந்த மூங்கில் கூட்டமாகப் பூத்துக் காய்த்தபின் புதரோடு மடிந்துவிடும் இயல்புடையது. அப்போது தவளைகள் ஒதுங்குவதற்கு அருகிலேயே வேறு புதர்கள் நிற்க வேண்டும். ஆகவே கூடை முடைவோர் வெட்டும்போது பிளவுள்ள முதிர்ந்த தண்டுகளை விட்டுவைப்பதும், இனப்பெருக்கம் நடக்கும் மழை மாதங்களில் வெட்டாதிருப்பதும் போதிய தொடக்கமாகும். தங்கள் தொட்டியைக் கழுவும் முன் நுரைக் கூட்டிலுள்ள தலைப்பிரட்டைகள் இறங்கி வளர்ந்து வெளியேற விடுங்கள். அந்தத் தேரைக்கு நாம் இங்கிருந்தே செய்யக்கூடியது அது.