கன்ரோல் பனலில் அழிச்சாலும் திரும்ப வாற அலர்ட்: எங்கட பக்கத்து வீடுகளில் கண்டது

கல்லடி

வீட்டுச் சென்சர்களின் நிலையைக் காட்டுகிற பனலில் ஒரு அலர்ட் அழிக்க அழிக்க வந்துகொண்டிருந்தால், அதை எழுதுவது எது என்று முதலில் பாருங்க. ஹோம் அசிஸ்டன்டில் (வீட்டுக் கருவிகளை ஒன்றாக ஓட்டுகிற மென்பொருள்) இடப்பக்கப் பட்டியின் அடியில் மணிக் குறியோடு வருவது ஒரு வகை. செற்றிங்ஸுக்குள் ‘ரிப்பேர்ஸ்’ என்று நிற்பது வேறு வகை. மணியில் வந்ததை ‘டிஸ்மிஸ்’ அழுத்தினால் போய்விடும், ரீஸ்டார்ட் பண்ணினாலும் போய்விடும். ஆனால் அதை எழுதின ஒட்டோமேஷன் (இது நடந்தால் அதைச் செய் என்று நாம் எழுதிவைக்கிற விதி) உயிரோடு இருக்கும்வரை மறுபடி எழுதும். ரிப்பேர்ஸில் நிற்பதை ‘இக்னோர்’ கொடுத்து மறைக்கலாம், கோளாறு அப்படியே இருக்கும்.

கூடுதலாகக் காண்பது, ஒரே செய்தி பத்து இருபது அட்டையாக அடுக்கி நிற்பது. ஒட்டோமேஷனில் ‘நோட்டிபிகேஷன் ஐடி’ கொடுக்காமல் விட்டதுதான் காரணம். ஐடி இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் புதிய அட்டை பிறக்கும். தண்ணித் தாங்கிக்கு ஒரு ஐடி, வாசல் கதவுக்கு ஒரு ஐடி என்று நிலையான பெயர் கொடுத்தால் புதியது பழையதன் மேலேயே எழுதும். தாங்கி நிரம்பினதும் அதே ஐடியைச் சொல்லி டிஸ்மிஸ் பண்ணுகிற இன்னொரு ஒட்டோமேஷனும் வேணும். அநேகமானவர்கள் முதலாவதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

போனுக்கும் இதே கணக்குத்தான், அங்கே ஐடிக்குப் பதில் ‘டாக்’ (tag) என்ற பெயர். அன்ட்ரொய்டில் விலக்க முடியாதபடி நிற்கவேண்டிய செய்திக்கு ‘பெர்சிஸ்டன்ட்’ கொடுத்தால் டாக் கட்டாயம். காரணம் தீர்ந்ததும் அதே டாக்கோடு ‘கிளியர் நோட்டிபிகேஷன்’ அனுப்பவேணும், இல்லையென்றால் தீர்ந்துபோன விசயம் போனில் தொங்கிக்கொண்டே இருக்கும். அன்ட்ரொய்ட் 14இலிருந்து இதையும் விரலால் தள்ளிவிடலாம். ஆகவே காஸ் கசிவு, புகை மாதிரியானவற்றை இதை மட்டும் நம்பி விடவேண்டாம், ஒரு சைரன் இருக்கட்டும்.

‘லொகின் அட்டெம்ப்ட் ஃபெயில்ட்’ என்று வந்தால் உடனே பயப்படத் தேவையில்லை. செய்தியிலேயே ஐபி இலக்கம் இருக்கும். றூட்டரின் பட்டியலில் அது யாருடையது என்று பாருங்க. வீட்டுக்குள்ள இலக்கமென்றால் பெரும்பாலும் கடவுச்சொல் மாற்றின பிறகு பழைய விபரத்தோடு முட்டிக்கொண்டிருக்கிற ஒரு பழைய போனோ டெப்லெட்டோதான். அதில் செயலியை லொக்-அவுட் பண்ணித் திரும்ப உள்ளே போனால் நின்றுவிடும். வெளி இலக்கமென்றால் றூட்டரில் திறந்துவிட்ட போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வருகிற வழி) அன்றைக்கே மூடுங்க.

காத்தான்குடி

கல்லடி அண்ணன் சொன்ன ஐடி விசயத்தோட கரண்ட் விசயத்தையும் சேர்த்துப் பார்க்கவேணும். கரண்ட் போய் வந்ததும் பனல் முழுக்கச் சிவப்பாகிறது, எல்லாம் ஒரே நேரம் எழும்பாததால். பனல் பெட்டி எழும்புகிற நேரம் ஒன்று, றூட்டர் எழும்புகிற நேரம் வேறொன்று, சிக்பீ (கம்பியில்லா இணைப்பில் ஒரு வகை) பிளக்குகள் தங்களுக்குள்ள பாதை பிடிக்கிற நேரம் இன்னொன்று. இந்த இடைவெளியில் எல்லா சென்சரும் ‘அன்அவெயிலபிள்’ (தொடர்பில் இல்லை) ஆகிவிட்டுத் திரும்ப வரும். ‘திறந்திருக்கு’ என்ற நிலைக்கு வந்தால் செய்தி போடு என்று எழுதின ட்ரிகர் (ஒட்டோமேஷனைத் தொடக்கிவிடுகிற வரி), அன்அவெயிலபிளிலிருந்து அந்த நிலைக்கு வந்தாலும் ஓடும். திறந்தபடி கிடந்த ஜன்னல் எல்லாம் அப்போதுதான் திறந்த மாதிரிச் செய்தி வருவது இதனால்தான்.

மருந்து இரண்டு. ட்ரிகரில் ‘நொட் ஃப்ரம்’ (not_from) என்ற வரியைப் போட்டு அன்அவெயிலபிள், அன்நோன் இரண்டையும் விலக்குங்க. பிறகு ‘ஃபோர்’ (for) என்று 2 நிமிடமோ 5 நிமிடமோ தாமதம் கொடுங்க. காஸுக்கும் புகைக்கும் தாமதம் கொடுக்கக்கூடாது.

இதையெல்லாம் விடப் பெரிய பலன், றூட்டருக்கும் பனல் பெட்டிக்கும் சின்ன யூபிஎஸ் வைப்பது. றூட்டரின் அடப்டரில் எழுதியிருக்கிற வோல்ட், அம்பியர் பார்த்து வாங்குங்க. 12 வோல்ட் 2 அம்பியர் கேட்கிற றூட்டருக்கு 1 அம்பியர் யூபிஎஸ் போட்டால் பாரம் ஏறும் நேரம் றூட்டர் விழுந்து எழும்பும், அலர்ட் முந்தியதை விடக் கூடும்.

வோல்டேஜ் அளக்கிற பிளக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இலங்கையில் 230 வோல்ட், 6 வீதம் கூடக் குறைய. அதாவது 216இலிருந்து 244 வரை ஒழுங்கான அளவு. எல்லையை 220 என்று வைத்தால் பின்னேரம் எல்லாரும் ஒரே நேரம் மோட்டர் போடுகையில் பனல் கத்தும். 210க்குக் கீழே 2 நிமிடம் நின்றால் மட்டும் சொல்லு என்று வையுங்க. திரும்பச் சரியாகிவிட்டது என்று சொல்ல 218 தாண்டவேணும் என்று வேறு எல்லை கொடுங்க. ‘த்ரெஷோல்ட்’ ஹெல்ப்பரில் ‘ஹிஸ்டரிசிஸ்’ என்று கேட்கிற இடம் இதற்குத்தான். அலர்ட் தொடங்குகிற எல்லையும் தீருகிற எல்லையும் ஒன்றாக இருந்தால் அந்த எண்ணைச் சுற்றியே அலர்ட் வந்து வந்து போகும்.

அக்கரைப்பற்று

காத்தான்குடிக் காக்கா (அண்ணன்) சொன்ன ஹிஸ்டரிசிஸ் ஈரப்பதத்துக்கும் வேணும், ஆனால் அது மட்டும் போதாது. இணையத்தில் கிடைக்கிற ஒட்டோமேஷன்கள் குளிர் நாட்டு வீடுகளுக்கு எழுதினவை, 60 அல்லது 65 வீதம் தாண்டினால் எச்சரிக்கும். கடலோரத்தில் மாரி காலத்தில் வீட்டுக்குள் 80க்கு மேலேயே நிற்கும், அந்த அலர்ட் மாதக்கணக்காகப் போகாது. குளியலறை சென்சரைத் தனியே பார்க்காமல், அதிலிருந்து ஹோல் சென்சரின் அளவைக் கழித்து வித்தியாசம் 10 வீதம் தாண்டினால் மட்டும் ஃபேன் போடவும் சொல்லவும் விடுங்க. மாரியிலும் கச்சான் காற்றுக் காலத்திலும் அது ஒரே மாதிரி வேலை செய்யும்.

‘பற்றரி லோ’தான் இந்தப் பக்கம் பெரிய தொல்லை. புதுப் பற்றரி போட்டும் போகவில்லை என்றால் மூன்று இடத்தைப் பாருங்க. ஒன்று, சென்சர் இன்னும் புது அளவை அனுப்பவில்லை. சில வகை பல மணித்தியாலத்துக்கு ஒரு தரம்தான் பற்றரி அளவு சொல்லும். பொத்தானை ஒருமுறை அழுத்தியோ கதவைத் திறந்து மூடியோ எழுப்பிவிடுங்க. இரண்டு, கடல் காற்று. மூடியைக் கழற்றினால் பற்றரியைத் தொடுகிற தகட்டில் பச்சையாகவோ வெள்ளைப் பொடியாகவோ படிந்திருக்கும். சும்மா இருக்கையில் 3 வோல்ட் காட்டுகிற பற்றரி, சென்சர் செய்தி அனுப்புகிற கணத்தில் அந்தப் படிவினால் கீழே விழும். பென்சில் அழிறப்பரால் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்க. மூன்று, பற்றரி உண்மையிலேயே பழசு. கடைத் தட்டில் வெகுகாலம் கிடந்த சிஆர் 2032 (காசு வடிவப் பற்றரி) புதுசென்று விற்கப்படும். உறையில் உள்ள திகதியைப் பாருங்க.

லித்தியம் பற்றரியின் வோல்ட் கடைசிவரை சமமாக நின்று திடீரென்று விழும், அதனால் வீதக் கணக்கை முழுதாக நம்பமுடியாது. 20 வீதத்தில் வாரத்துக்கு ஒரு தரம் ஒரே பட்டியலாகச் சொல்ல வைப்பது போதும். ஒவ்வொரு சென்சரும் தனித்தனியாகக் கத்தினால், பால்கனிக் கதவு திறந்திருக்கு என்ற செய்தி அதற்குள் புதைந்துபோகும்.

தண்ணித் தாங்கி மிதவைக்கும் இதே கதைதான். மோட்டர் ஓடுகையில் தண்ணி அலைந்து மிதவை ஆடும். ‘டிலே ஒன்’ (delay_on, அந்த நிலை இவ்வளவு நேரம் நின்றால்தான் ஏற்கும்) 30 செக்கன் கொடுங்க.

ஏறாவூர்

பழைய சைரன் பனல் வைத்திருப்பவர்களையும் யாராவது கவனிக்கவேணும், அதனால் இது. டிஎஸ்சி பவர்சீரிஸ் (ஒரு வகைத் திருட்டு அலாரம்) கீபாட் பத்து செக்கனுக்கு ஒரு தரம் பீப் அடித்தால் # அழுத்தினால் சத்தம் நிற்கும். மஞ்சள் விளக்கு நிற்காது. ஸ்டாரும் (*) 2உம் அழுத்தினால் எந்த இலக்கம் எரியுதோ அதுதான் காரணம். 2 என்றால் கரண்ட் இல்லை. 8 என்றால் மணிக்கூடு போய்விட்டது. கரண்டும் பற்றரியும் ஒன்றாக விழுந்த பிறகு இது வரும். ஸ்டார் 6, மாஸ்டர் கோட், 1 கொடுத்து நேரமும் திகதியும் போட்டால் தீரும். 3 என்றால் டெலிபோன் லைன். ஃபைபர் போட்டு பழைய லைனை எடுத்துவிட்ட வீடுகளில் இது என்றைக்கும் எரியும். நிறுவினவரைக் கூப்பிட்டு லைன் கண்காணிப்பை இன்ஸ்டோலர் மெனுவில் நிறுத்தச் சொல்லுங்க. தினமும் # அழுத்திப் பழகினால், 5 எரிகிற நாளில் வலயக் கோளாறையும் (ஒரு பகுதியின் சென்சர் கோளாறு) அதே கையால் அமத்திவிடுவீங்க.

1 எரிந்தால் அதற்குள்ள மறுபடி 1 அழுத்திப் பாருங்க, உள்ளேயும் 1 எரிந்தால் பற்றரி. பெட்டிக்குள் இருப்பது 12 வோல்ட் 7 அம்பியர் மணி. 11.5க்குக் கீழே போனால் பனல் சொல்லும், 12.5 தாண்டினால்தான் திருப்பி அழிக்கும். அதனால் புதுசு போட்ட உடனே விளக்கு போகவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம், ஒரு நாள் சார்ஜ் ஏறட்டும். சிவப்புக் கம்பி நேர்முனைக்கு, கறுப்பு மறைமுனைக்கு. மாறிக் கொழுவினால் பனல் பழுதாகலாம். ஓட்டுக்குக் கீழே, வெயில் படுகிற சுவரில் பெட்டி இருந்தால் பற்றரி நேரத்தோட சாகும், சூடு அதன் ஆயுளைத் தின்னும். பெட்டியை உள் அறைச் சுவருக்கு மாற்றினால் அடுத்த பற்றரி கூடக் காலம் நிற்கும்.