அமெரிக்கா என்றைக்காவது சாக்கர் நாடாகுமா?

மூர்த்தி, நியூஜெர்சி

குழப்பம் வராமல் இருக்க முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே சாக்கர் என்று எழுதுவது நம்ம ஊர்க் கால்பந்து. ஃபுட்பால் என்பது இவர்கள் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் முட்டை வடிவப் பந்து ஆட்டம்.

22 வருடமாக இந்த மாநிலத்தில் இருக்கிறேன். இன்னும் சில மாதங்களில், 2026 ஜூலை 19 அன்று, உலகக்கோப்பை இறுதி ஆட்டம் என் வீட்டிலிருந்து அரை மணி நேர தூரத்தில் இருக்கும் மெட்லைஃப் ஸ்டேடியத்தில் நடக்கப்போகிறது. அலுவலகத்தில் பேச்செல்லாம் இதுதான். "இதோடு அமெரிக்கா மாறிவிடும், சாக்கர் வீட்டுக்கு வீடு வந்துவிடும்" என்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

இதே பேச்சு 1975-இல் பீலே நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு ஆட வந்தபோது வந்தது. 1994 உலகக்கோப்பையின்போது வந்தது. 2007-இல் பெக்காம், 2023-இல் மெஸ்ஸி. இன்று மெட்லைஃபின் கார்கள் நிற்கும் இடத்தில்தான் பழைய ஜயன்ட்ஸ் ஸ்டேடியம் இருந்தது. 1977 ஆகஸ்டில் அங்கே காஸ்மாஸ் ஆடிய ஒரு ஆட்டத்துக்கு 77,691 பேர் வந்தார்கள். ஏழே வருடம். 1984 சீசனோடு, காஸ்மாஸ் ஆடிய அந்த லீகே இல்லாமல் போனது.

கேலப் கருத்துக்கணிப்பையும் பாருங்கள். பார்க்க மிகவும் பிடித்த விளையாட்டு எது என்று கேட்டதற்கு, 2017-இல் சாக்கர் என்றவர்கள் 7 சதவீதம். 2023 டிசம்பரில் 5 சதவீதம். ஃபுட்பால் 41. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள், கேட்கிறேன்.

அருள், அட்லாண்டா

மூர்த்தி சார், காஸ்மாஸ் கதையைச் சொல்லும்போது அது ஏன் செத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பீலேயின் முதல் ஆட்டம் ராண்டால்ஸ் தீவில் ஒரு பழைய மைதானத்தில். புல் இல்லாத இடமெல்லாம் டிவியில் அசிங்கமாகத் தெரியும் என்று மண்ணுக்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆட்டம் முடிந்து ஷூவைக் கழற்றியவர், காலெல்லாம் பச்சையாக இருப்பதைப் பார்த்துப் பூஞ்சை பிடித்துவிட்டது என்று பயந்துபோனாராம். அந்த லீக் முழுக்க அப்படித்தான். அடியில் மண், மேலே பெயின்ட். கையில் சொந்த மைதானம் கிடையாது, ஆனால் 1978-இல் 24 அணி. வயதான நட்சத்திரங்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். ரசிகன் ஆட்டத்தை வெறுத்ததால் அது மூழ்கவில்லை. முதலாளிகள் கணக்குப் பார்க்காததால் மூழ்கியது.

1996-இல் எம்எல்எஸ், அதாவது இப்போதைய அமெரிக்க சாக்கர் லீக், தொடங்கியபோது 10 அணி. 2001 முடிவில் இரண்டை மூடினார்கள். மிச்சமிருந்ததை மூன்றே முதலாளிகள் தாங்கிப் பிடித்தார்கள். அன்றைக்கு நீங்கள் இதை எழுதியிருந்தால் நானும் ஆமாம் போட்டிருப்பேன். இன்று 30 அணி, பெரும்பாலானவற்றுக்குச் சாக்கருக்கென்றே கட்டிய மைதானம்.

என் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜியா காலேஜ் ஃபுட்பாலில் ஊறிய மண். இங்கே 2018 டிசம்பரில் எம்எல்எஸ் இறுதி ஆட்டத்துக்கு 73,019 பேர். நானும் இருந்தேன். அந்தக் கூட்டத்தை எந்த நட்சத்திரமும் இழுத்து வரவில்லை, ஊர்தான் வந்தது.

இன்னொன்று. தொடக்கத்தில் எம்எல்எஸ் அமெரிக்கர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று ஆட்டத்தையே மாற்றிப் பார்த்தது. டிரா கூடாது என்று, 35 கஜம் தள்ளிப் பந்தை வைத்து, ஐந்து விநாடிக்குள் கோல்கீப்பரைத் தாண்டிப் போடச் சொன்னார்கள். கடிகாரத்தைப் பூஜ்யத்தை நோக்கித் தலைகீழாக ஓடவிட்டார்கள். 1999 சீசனோடு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு உலகம் ஆடுகிற மாதிரியே ஆட ஆரம்பித்த பிறகுதான் லீக் நிமிர்ந்தது. போர்ட்லாண்டில் ஊர் அணி கோல் போட்டால் ஒருவர் செயின் சாவால் மரக்கட்டையில் ஒரு வட்டத்தை அறுத்து எடுப்பார். கோல் போட்டவருக்கு அந்த மரத்துண்டைத்தான் பரிசாகக் கொடுப்பார்கள். மரம் வெட்டிப் பிழைத்த ஊர் அது. அறுக்கிற வாசனை கேலரி வரைக்கும் வரும். இதைவிட அமெரிக்கக் கலாச்சாரம் வேறு என்ன வேண்டும்?

மூர்த்தி, நியூஜெர்சி

அருள் தம்பி, மரவாசனை நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் போர்ட்லாண்டும் அட்லாண்டாவும் சேர்ந்தால் அமெரிக்கா ஆகிவிடாது.

நான் கேட்பது வேறு. நன்றி நவிலல் நாளில் வான்கோழி அடுப்பில் வேகும்போது ஹாலில் என்ன ஓடுகிறது? ஃபுட்பால். விதி தெரியாத பாட்டிகூட அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 2024 சூப்பர் பவுலை, அதாவது ஃபுட்பால் லீகின் இறுதி ஆட்டத்தை, பார்த்தவர்கள் 12 கோடிக்கும் மேல். 2022 உலகக்கோப்பை இறுதி ஆட்டம், மெஸ்ஸியும் எம்பாப்பேயும் மோதிய ஆட்டம், ஆங்கிலமும் ஸ்பானிஷும் சேர்த்தே இங்கே 2.6 கோடி அளவில்தான். அதுவும் நாலு வருடத்துக்கு ஒரு முறை.

அப்புறம், இவர்களுக்கு உலகத்திலேயே சிறந்தது தங்கள் வீட்டில் இருக்க வேண்டும். கூடைப்பந்துக்கு என்பிஏ அப்படி, ஃபுட்பாலுக்கு என்எஃப்எல் அப்படி. சாக்கர் பிடித்தவன் சனிக்கிழமை விடிகாலையில் எழுந்து இங்கிலாந்து லீகைப் பார்க்கிறான். உள்ளூர் லீகுக்கு மிச்சம் என்ன? டிவிக்காரனுக்கும் இது வசதிப்படாது. 45 நிமிடம் நிற்காமல் ஓடும் ஆட்டத்தில் விளம்பரத்தை எங்கே நுழைப்பான்? ஃபுட்பாலில் நாலு அடி நகர்ந்தால் நிறுத்தி ஒரு விளம்பரம் போடலாம்.

தேன்மொழி, டல்லாஸ் பக்கம்

இரண்டு பேருடையதையும் படித்தேன். பீலே, பெக்காம், மெஸ்ஸி என்று ஆண்கள் பெயராகவே வருகிறது. இந்த நாட்டில் சாக்கர் ஜெயித்த கதை பெண்களுடையது.

1972-இல் டைட்டில் நைன் சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் பள்ளி, கல்லூரிகள் பெண்களை ஒதுக்கக் கூடாது என்றது. கல்லூரிகள் பெண்கள் அணிகளைத் தேடின. நிறையப் பேர் ஆடலாம், செலவு குறைவு என்று சாக்கர் வளர்ந்தது. வேறு பல நாடுகள் பெண்கள் சாக்கரைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத காலத்தில் இங்கே தலைமுறையாகப் பயிற்சி நடந்தது. 1991, 1999, 2015, 2019 என்று நாலு உலகக்கோப்பை அப்படி வந்தவை. 1999 இறுதி ஆட்டத்துக்கு ரோஸ் பவுல் ஸ்டேடியத்தில் 90,185 பேர். 2015 இறுதி ஆட்டத்தை ஆங்கிலச் சேனலில் மட்டும் 2.5 கோடிக்கும் மேல் பார்த்தார்கள். அந்த வருடம் என்பிஏ இறுதித் தொடரின் எந்த ஆட்டத்தையும் விட அது அதிகம், மூர்த்தி அண்ணா. டெக்சாஸில் என் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு பெண்கள் அணியின் பழைய நட்சத்திரம் மியா ஹாம் யார் என்று தெரியும். எம்எல்எஸ்ஸில் யார் ஆடுகிறார்கள் என்று தெரியாது.

ஆனால் உண்மையான தடங்கல் விளம்பரமும் இல்லை, டிராவும் இல்லை. பணம். என் மகளுக்கு 12 வயது, ஒரு டிராவல் அணியில் மிட்ஃபீல்டர். கிளப் கட்டணம், சீருடை, வேற்றூர்ப் போட்டி, ஓட்டல், பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் வருடத்துக்குச் சில ஆயிரம் டாலர் கரைகிறது. காரின் பின்னால் நாலு மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, ஈரம் காயாத ஷின் கார்டு எப்போதும் கிடக்கும். அந்த நாற்றம் இப்போது பழகிவிட்டது.

இரண்டு வருடம் முன்பு அதே கிளப்பின் பையன்கள் அணியில் ஒருவன் இருந்தான். அப்பாவுக்குக் கூரை போடும் வேலை. அந்தப் பையன் பந்தைக் காலில் வாங்கினால் மைதானமே ஒரு நொடி நிற்கும். மற்ற பிள்ளைகள் பந்தைப் பார்ப்பார்கள், அவன் பந்தைப் பார்க்கவே மாட்டான், தலை நிமிர்ந்தே இருக்கும். ஒரு ஆகஸ்டில் பதிவுக்கு அவன் வரவில்லை. கட்டணத்தில் பாதியைக் குறைக்கிறோம் என்றார்களாம். மீதிப் பாதியும் அவர்களிடம் இல்லை. உலகம் முழுக்க ஏழைப் பிள்ளைகளின் ஆட்டத்தை, மடக்கு நாற்காலி வைத்திருப்பவர்களின் ஆட்டமாக மாற்றி வைத்திருக்கிறோம். எனக்கு இதில் வருகிற கோபம் கொஞ்சமில்லை.

செல்வா, லாஸ் ஏஞ்சலஸ்

தேன்மொழி அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். "அமெரிக்கக் கலாச்சாரம்" என்கிறீர்களே, யாருடைய கலாச்சாரம்? எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை எந்தப் பூங்காவுக்குப் போனாலும் ஆட்டம் நடக்கும். ஓரத்தில் ஒருவர் மாங்காய் நறுக்கி மிளகாய்ப் பொடி தூவி விற்பார். ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் இரவு முழுக்க ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். வட அமெரிக்க நாடுகள் மோதும் கோல்ட் கப்பின் 2011 இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவும் மெக்சிகோவும் ரோஸ் பவுலில் மோதின. 93,420 பேர். பெரும்பாலும் மெக்சிகோவின் பச்சைச் சட்டை. அமெரிக்க அணி சொந்த மண்ணில் வெளியூர் அணி மாதிரி ஆடித் தோற்றது. அந்தப் பச்சைச் சட்டைகளில் எத்தனையோ பேர் இங்கேயே பிறந்தவர்கள். கருத்துக்கணிப்பில் அவர்கள் சிறு சதவீதமாகத் தெரியலாம். ஆனால் அந்த வீடுகளில் சாக்கர் என்றைக்கோ வந்தாகிவிட்டது.

மூர்த்தி, நியூஜெர்சி

தேன்மொழி அம்மா, பெண்கள் விஷயத்தை நான் விட்டது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 90,185 பேர் பிறகு எங்கே போனார்கள்? அந்த வேகத்தில் 2001-இல் பெண்களுக்கு ஒரு லீக் தொடங்கி 2003-இல் மூடிவிட்டார்கள். அடுத்தது 2009-இல் வந்து 2012-இல் போனது. நாட்டுக்காகக் கொடி பிடிக்க வருவது வேறு, வாராவாரம் டிக்கெட் எடுப்பது வேறு. அமெரிக்கர்கள் ஒலிம்பிக் நீச்சலையும்தான் பார்க்கிறார்கள்.

செல்வா சொல்வதும் என் பக்கம்தான் சாய்கிறது. மெக்சிகோ லீக், இங்கிலாந்து லீக், உள்ளூர் லீக் என்று ஆளுக்கொரு மூலையில் பார்க்கிறார்கள். திங்கள் காலை அலுவலகத்தில் எல்லோரும் ஒரே ஆட்டத்தைப் பேசுகிற நிலை வர வேண்டாமா? அதைத்தான் நான் வெகுஜன விளையாட்டு என்கிறேன்.

தேன்மொழி, டல்லாஸ் பக்கம்

மூன்றாவது லீக் 2013-இல் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது அண்ணா. 2024-இல் கான்சஸ் சிட்டியில் பெண்கள் அணிக்கென்றே 11,500 இருக்கைகளோடு ஒரு ஸ்டேடியம் கட்டித் திறந்தார்கள். கடன் வாங்கிய மைதானத்தில் ஆடியவர்கள் சொந்த வீடு கட்டியிருக்கிறார்கள். எத்தனை அணி இருந்தாலும் இந்த ஒன்று எனக்குப் போதும்.

ஹாரிசன்வாசி

மூர்த்தி சார், உங்கள் மாநிலத்துக்காரன்தான். நீங்கள் இதுவரை கர்னி பக்கமே வரவில்லையே, அது எனக்கு வருத்தம். பசேயிக் ஆற்றைத் தாண்டினால் வரும் சின்ன ஊர். ஸ்காட்லாந்திலிருந்து நூல் ஆலை வேலைக்கு வந்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே சாக்கரைக் கொண்டு வந்துவிட்டார்கள். 1994 உலகக்கோப்பையில் ஆடிய டேப் ராமோஸ், ஜான் ஹார்க்ஸ், டோனி மியோலா மூவரும் இந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்கள். ஒருவர் உருகுவேயில் பிறந்தவர், ஒருவர் ஸ்காட்லாந்துக் குடும்பம், ஒருவர் இத்தாலியக் குடும்பம். யாரும் கட்டணம் கட்டி உருவாக்கிய பிள்ளைகள் இல்லை, தெருவும் ஊர் கிளப்பும் வளர்த்தவர்கள். சாக்கர் அமெரிக்காவுக்குப் புதிதாக வர வேண்டியதில்லை. இருந்ததை விட்டுவிட்டோம்.

அருள், அட்லாண்டா

நான் நினைத்தும் எழுத வராததை இவர் சொல்லிவிட்டார். மூர்த்தி சார், கேலப் கேட்டது ஒரே ஒரு பிடித்த விளையாட்டு. எனக்கும் அந்தக் கேள்வி வந்தால் ஒன்றைத்தான் சொல்ல முடியும். அதே கணிப்பில் கூடைப்பந்துக்கு 9 சதவீதம்தான். அதை யாரும் வெகுஜன விளையாட்டு இல்லை என்று சொல்வதில்லை.

மூர்த்தி, நியூஜெர்சி

கூடைப்பந்துக் கணக்கு சரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 2027 ஜூலையில் இதே கேள்வியோடு வருவேன், அருள். உலகக்கோப்பைக் கூட்டம் கலைந்து ஒரு வருடம் ஆன பிறகு ஹாரிசனில் இருக்கும் எம்எல்எஸ் மைதானத்தில் எத்தனை இருக்கை நிரம்புகிறது என்று நேரிலேயே போய் எண்ணிவிட்டு எழுதுகிறேன்.

தேன்மொழி அம்மா, ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பையன் இப்போது ஆடுகிறானா?

தேன்மொழி, டல்லாஸ் பக்கம்

ஆடுகிறான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பூங்காவில், பெரியவர்கள் ஆட்டத்தில். ஆள் குறைந்தால் சேர்த்துக்கொள்கிறார்களாம். போன மாதம் அந்த வழியாகக் காரில் போனபோது என் மகள்தான் பார்த்தாள். "அம்மா, நிறுத்து" என்றாள். வேலி ஓரத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். இந்த வாரம் தானும் அங்கே ஆடலாமா என்று கேட்டிருக்கிறாள்.