1796 ஜூன், போர்ட் லூயிஸ்: ஆவணம் தேடுகிறேன்

மொரீஷியஸில் இரண்டாம் ஆண்டு வரலாறு படிக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சியின் அடிமை ஒழிப்பு ஆணை, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்தத் தீவில் ஏன் செல்லுபடியாகவில்லை என்று மாத இறுதிக்குள் கட்டுரை எழுதித் தர வேண்டும்.

1794 பிப்ரவரி 4-இல் பாரிஸில் ஆணை நிறைவேறியது. 1796 ஜூனில் அதை அமல்படுத்த வந்த பிரெஞ்சு அரசின் பிரதிநிதிகள் பாக்கோ, ப்யூர்னெல் இருவரையும் இங்கிருந்த வெள்ளையர்கள் சில நாட்களிலேயே கப்பலேற்றி விரட்டிவிட்டார்கள். விடுதலைக்கு 1835 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பாடநூல் பாரிஸோடு நின்றுவிடுகிறது. ஆசிரியரைக் கேட்டேன், நூலகத்தைப் புரட்டினேன். கிடைத்தவையெல்லாம் முதலாளிகள் தரப்பு. பிரெஞ்சு ஆளுநர் லபோர்தொனே காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்கள் கட்டிய ஊர் போர்ட் லூயிஸ். அடிமைகளிலும் தமிழர் இருந்தார்கள். அவர்கள் குரல் இல்லாமல் இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடிமைகள் அல்லது இந்தியர் தரப்பிலிருந்து 1796-ஐக் காட்டும் மனுவோ வழக்குப் பதிவோ எங்கே கிடைக்கும்?