பென்னாகரம் வீட்டு குரூப்

அண்ணி: ஸ்கூல்ல இன்னிக்கு பல் கேம்ப். தம்பி பல்லுல காவி இருக்குன்னு சீட்டு குடுத்துருக்காங்க 😔

பெரியம்மா: ஒழுங்கா வெளக்குனாத்தானே

பெரியம்மா: அடுப்புக்கரியில உப்பு சேத்து நாலு நாள் தேய்க்கச் சொல்லு

அண்ணி: ரெண்டு வாரமா அதான் அத்தை தேய்க்கிறான். ஈறுல ரத்தம்தான் வருது

மாமா: (ஃபார்வர்டு) எலுமிச்சை + சோடா. இரண்டே நிமிடத்தில் முத்துப் பற்கள்! அனைவருக்கும் பகிருங்கள் 🙏🙏

செல்வி அக்கா: மாமா மொதல்ல அத டெலிட் பண்ணுங்க. எலுமிச்சை எனாமல அரிச்சுடும்

செல்வி அக்கா: அண்ணி அது அழுக்கே இல்ல. போர் தண்ணில இருக்கற ஃப்ளோரைடுங்கற உப்பு. பல்லு ஈறுக்குள்ள உருவாகறப்பவே ஏறிடும். செங்கல்லு வச்சு தேச்சாலும் பல்லுதான் தேயும், காவி போகாது

தாத்தா: நம்மூர்ல யாருக்கு வெள்ளப் பல்லு. எனக்கும் காவி, உங்க பாட்டிக்கும் காவி. ஜோடிப் பொருத்தம் 😀

அண்ணி: காய்ச்சித்தானே செல்வி குடுக்கறேன்?

செல்வி அக்கா: அங்கதான் ஏமாந்துடறோம். காய்ச்சினா கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருந்தா ஒடம்புக்கு ஆகாது. நம்ம மாவட்டத்துல பாறைத் தண்ணி, பல போர்ல அதைத் தாண்டிடுது

பெரியம்மா: அதான் 2013லேர்ந்து ஒகேனக்கல் தண்ணி வருதே

செல்வி அக்கா: வருது. சப்புன்னு இருக்குன்னு அதுல பாத்திரம் கழுவுறீங்க. காபிக்கு போர் தண்ணி 🙄

மாமா: 🤣🤣

அண்ணி: அப்ப தம்பிக்கு?

செல்வி அக்கா: பெரியவனானதும் பல் டாக்டர்ட்ட பூசி மறைச்சுக்கலாம். இப்ப பாப்பாவ பாருங்க. ரெண்டு வயசுதானே, நிலைப்பல்லு இன்னும் உள்ள உருவாகிட்டிருக்கு. எட்டு வயசு வரைக்கும் குடிக்க, சோறாக்க, பால் கலக்க எல்லாமே ஆத்துத் தண்ணிதான்

மாமா: பேஸ்ட்லயும் ஃப்ளோரைடு போட்டிருக்கே?

செல்வி அக்கா: அது துப்புறது மாமா, சொத்தைக்கு நல்லது. பாப்பாவுக்கு ஒரு அரிசி அளவு போதும், முழுங்காம பாத்துக்கணும்

தாத்தா: (வாய்ஸ் மெசேஜ் 0:14)

செல்வி அக்கா: குனிய முடியலையா? அதுவும் இந்தத் தண்ணியால இருக்கலாம் தாத்தா. செவ்வாக்கிழமை லீவு, ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்

பெரியம்மா: பைப்புல தண்ணி விட்டாச்சு, குடம் வைக்கப் போறேன். நாளைக்கு காபியும் அதுலதான். நல்லால்லன்னு எவனும் வாயத் தொறக்கக் கூடாது